ஹோம் ஹெல்த் எய்டு கோர்ஸ் 40 ஆயிரம் கேக்குறாங்க, சேரலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

#1 கோவில்பட்டி_கார்த்தி
எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தி மக, 22 வயசு, பிளஸ் டூ முடிச்சிட்டு இங்கன தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு போயிட்டு இருக்கா. போன வாரம் சென்னைல இருந்து ஒரு இன்ஸ்டிட்யூட் ஆளுங்க ஊருக்குள்ள வேன்ல வந்து நோட்டீஸ் குடுத்திருக்காங்க. 3 மாசம் ஹோம் ஹெல்த் எய்டு (வீட்டுக்கே போய் நோயாளியப் பாத்துக்கிற வேலை) ட்ரெயினிங், ஃபீஸ் 40 ஆயிரம், தங்குறது சாப்பாடு எல்லாம் அதுக்குள்ளயே, முடிச்ச மறுநாளே வேலை, மாசம் 25 ஆயிரம் சம்பளம், ரெண்டு வருஷம் பாத்தா கனடாவுக்கு அனுப்பி வைப்போம்னு வேற சொல்லியிருக்கான். சித்தி கம்மல வச்சு கட்டிரலாமான்னு என்கிட்ட கேக்குது. எனக்கு உறுத்துறது ஒண்ணுதான், ஒரிஜினல் மார்க் ஷீட்ட "சேஃப்டிக்கு" அவங்ககிட்டயே குடுத்து வைக்கணுமாம். இந்த வேலைக்கு உண்மையிலேயே என்ன படிப்பு வேணும், என்ன வேலை செய்யச் சொல்வாங்க, பொம்பளப் புள்ள தனியா வேற வீட்டுல தங்குறதுக்கு சரிப்படுமா, ஃபீல்டுல இருக்கவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க.

#2 நக்கல்_நாயகன்
கம்மல அடகு வச்சு ஆயா வேலை கத்துக்கணுமா, நல்லா இருக்குய்யா. எங்க அப்பத்தா படுத்த படுக்கையா கிடந்தப்ப எங்கம்மா எந்த கோர்ஸும் படிக்காமத்தான் பாத்துச்சு. ஊட்டி விடணும், குளிப்பாட்டணும், டயப்பர் மாத்தணும், இதுக்கு எதுக்கு 3 மாசம்?

#3 ஸ்டாஃப்நர்ஸ்_மலர்
கார்த்தி, முதல் விஷயம், ஒரிஜினல் சர்டிபிகேட்ட யார்கிட்டயும் விட்டு வைக்காதீங்க. ஜெராக்ஸ்ல அட்டெஸ்ட் பண்ணி குடுங்க, ஒரிஜினல காட்டிட்டு கையோட திரும்ப வாங்கிருங்க. அத புடிச்சு வச்சுக்கிறவன் பின்னாடி "பாண்டு உடைச்சிட்டே, பணம் கட்டு"ன்னு உக்கார வைக்கத்தான் வாங்குறான்.

இப்ப படிப்பு விஷயம். ஏ.என்.எம் 2 வருஷம், ஜி.என்.எம் 3 வருஷம், பி.எஸ்சி நர்சிங் 4 வருஷம். இவங்கதான் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணி நம்பர் வாங்க முடியும், இவங்களத்தான் நர்ஸ்னு சொல்லணும். ஹோம் ஹெல்த் எய்டுங்கிறது அந்த லிஸ்ட்லயே வராது. அது ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில் பாடத்திட்டத்துல இருக்கிற ஒரு வேலை, ஆஸ்பத்திரி வார்டுல இருக்கிற ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்டுக்கு அக்கா தங்கச்சி மாதிரி. உங்க தங்கச்சி படிச்சிருக்க பிளஸ் டூ தாராளமா போதும், பத்தாவதே போதும். பயிற்சி முடிஞ்சதும் சொல்லிக்குடுத்த இன்ஸ்டிட்யூட் ஆளே மார்க் போட முடியாது, வெளில இருந்து அசெஸர் வந்து செஞ்சு காட்டச் சொல்லி பாத்துட்டுத்தான் சர்டிபிகேட் வரும். அந்த நோட்டீஸ்ல "நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமா"ன்னு எங்கயாச்சும் போட்டிருந்தா உஷாரா இருங்க, அத வச்சு கவுன்சில்ல பதிவு ஒருநாளும் கிடைக்காது.

இன்னொண்ணு, இதே பயிற்சிய அரசாங்கமே காசில்லாம குடுக்குது. பிரதமர் பேர்ல இருக்கிற கௌஷல் விகாஸ் யோஜனா 2015ல இருந்து ஓடுது, கிராமத்துப் பசங்களுக்குன்னு தீனதயாள் உபாத்யாய பேர்ல தங்கிப் படிக்கிற திட்டம் இருக்கு, 15ல இருந்து 35 வயசு வரைக்கும், நம்ம மாநில திறன் மேம்பாட்டுக் கழகமும் நடத்துறாங்க. கலெக்டர் ஆபீஸ்ல திறன் மேம்பாட்டு அலுவலகம்னு கேட்டா பக்கத்துல எந்த சென்டர்ல எப்ப பேட்ச் ஆரம்பிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. கம்மல் காதுலயே இருக்கட்டும்.

#4 வார்டு_தங்கம்
நான் இந்த வேலைலதான் இருக்கேன், சென்னைல. முதல்ல ஒரு ஆஸ்பத்திரி வார்டுல, அப்புறம் வீடுகள்ல. நக்கல் தம்பி, உங்கம்மா பாத்தது பெரிய விஷயம், அத நான் குறைச்சு சொல்லல. ஆனா ஒரு கேள்வி கேக்குறேன், கூகுள் பண்ணாம பதில் சொல்லுங்க. இடது பக்கம் பக்கவாதம் அடிச்ச ஆளு, கட்டில்ல உக்கார வச்சிருக்கீங்க, முன்னாடி பட்டன் வச்ச சட்டை போடணும். எந்தக் கைய முதல்ல விடுவீங்க?

#5 நக்கல்_நாயகன்
இதென்ன கேள்வி, நல்லா இருக்கிற வலது கைய, அதான் அவரே நீட்டுவாரு.

#6 வார்டு_தங்கம்
நல்ல கைய முதல்ல விட்டீங்கன்னா அப்புறம் அந்த வராத கைய பின்னாடி இழுத்து முறுக்கித்தான் ரெண்டாவது ஸ்லீவுக்குள்ள நுழைக்கணும், அந்தத் தோள்மூட்டு ஏற்கனவே பிடிமானம் இல்லாம தொங்கிட்டு இருக்கும், ஒரு இழுப்புல இறங்கிரும், அப்புறம் ராத்திரி பூரா அந்த மனுஷன் வலியில முனகுவாரு, ஏன்னே வீட்டுல யாருக்கும் தெரியாது. போடும்போது வராத கை முதல்ல, கழட்டும்போது நல்ல கை முதல்ல. வராத கை ஸ்லீவுக்குள்ள நீங்களே உங்க கைய வெளிப்பக்கமா விட்டு அவரு விரலப் புடிச்சு மெல்ல வெளிய கொண்டு வரணும், தோள் வரைக்கும் துணிய ஏத்திட்டு அப்புறம் முதுகுப் பக்கமா சுத்தி நல்ல கைக்கு கொண்டு போனா அவரே மீதிய போட்டுக்குவாரு. இது ஒரு சட்டை. இப்படி குளிப்பாட்டுறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, வாய் கழுவுறது ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை இருக்கு.

படுக்கைப் புண்ணையே எடுத்துக்கோங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும். வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு, காது மடல் கூட, தினம் லைட் போட்டுப் பாக்கணும். சிவந்திருக்கா, விரலால அழுத்தி எடுத்தாலும் வெளுக்காம அப்படியே சிவப்பா நிக்குதா, அப்போ அங்க உள்ள சேதாரம் ஆரம்பிச்சாச்சு. நம்ம வீடுகள்ல உடனே என்ன பண்ணுவாங்க, ஸ்பிரிட்டோ பவுடரோ போட்டு தேய் தேய்னு தேய்ப்பாங்க. தேய்க்கவே கூடாது, உள்ள இருக்கிற சதை இன்னும் நைஞ்சு போகும். அந்தப் பக்கம் பாரம் விழாம தலகாணி வச்சு தூக்கி விடணும், நர்ஸுக்கோ டாக்டருக்கோ சொல்லணும். ஏர் பெட் வாங்கிப் போட்டுட்டோம் திருப்ப வேணாம்னு நினைக்கிற வீடு நிறைய, அதுவும் தப்பு.

#7 நக்கல்_நாயகன்
சரிக்கா, சட்டை மேட்டர்ல நான் அவுட். வாபஸ்.

#8 அடையாறு_அப்பாவி
நான் ஆள் வைக்கிற சைடு. அப்பாக்கு பார்க்கின்சன்ஸ் (கை கால் நடுங்கி உடம்பு இறுகுற நோய்), அம்மாவால தூக்க முடியல, நான் வேலைக்குப் போகணும், அதனால ஏஜென்சி மூலமா ஆள் வைக்கிறோம். எங்க கஷ்டத்தையும் கேளுங்க. வர்ற ஆள்ல பாதிப் பேருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது, நேத்து வரைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனில பிசிறு வெட்டிட்டு இருந்த பொண்ணுக்கு நீல கலர் யூனிஃபார்ம் போட்டு "ட்ரெயின்டு நர்ஸ்"னு அனுப்பிடுறாங்க. அப்பாக்கு மாத்திரை சரியான நேரத்துக்கு போகலன்னா உடம்பு கட்டை மாதிரி இறுகிரும், அரை மணி தள்ளினாலே வித்தியாசம் தெரியும், அத சொன்னா "சாப்பாட்டுக்கு அப்புறம் மொத்தமா குடுத்துர்றேன் சார்"ங்கிறாங்க. சர்டிபிகேட் காட்டச் சொன்னா ஏஜென்சில கோவம் வருது. ஆள் பழகி வர்றதுக்குள்ள மாத்திடுறாங்க, திரும்ப முதல்ல இருந்து.

நல்லாப் பாக்குற ஆளும் வந்திருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஒரு பொண்ணு வந்த முதல் நாளே ஒரு நோட்டு வாங்கச் சொல்லி கோடு போட்டு எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு யூரின், மோஷன் போனாரா, பி.பி. எவ்வளவுன்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டர்கிட்ட அந்த நோட்ட நீட்டினா அவரு எங்கள விட அத நம்பினாரு.

#9 ஹோம்கேர்_கோவை
நான் கோயமுத்தூர்ல சின்னதா ஒரு ஹோம்கேர் சர்வீஸ் நடத்துறேனுங்க. எல்லாத்தையும் எங்க தலையிலயே கட்டாதீங்க. குடும்பத்துக்காரங்க போன் பண்ணும்போது என்ன கேக்குறாங்க தெரியுங்களா, "அட்டெண்டர் ரேட்ல ஒரு ஆள் வேணும், மூக்கு ட்யூப்ல ஃபீட் குடுக்கணும், இன்சுலின் போடணும், சளி உறிஞ்சணும், அப்படியே வீட்டுல ரெண்டு பேருக்கு சமைச்சும் குடுத்தா நல்லது". ட்ரக்கியாஸ்டமி (மூச்சு விட தொண்டைல ஓட்டை போட்டு குழாய்) இருக்கிற பேஷன்ட்டுக்கு ஜி.என்.எம் நர்ஸ்தான் வேணும்னு சொன்னா ரேட்டைக் கேட்டதும் போனை வெச்சுருவாங்க. அடுத்த ஏஜென்சி அட்டெண்டர் ரேட்டுக்கே சரின்னு சொல்லி யாரையோ அனுப்பிருவான். நாங்க வாங்குறதுல முக்கால்வாசி ஆளுக்குத்தான் போகுதுங்க, மீதில ஆள் லீவு போட்டா மாத்து ஆள், ஆபீஸ் வாடகை எல்லாம் பாக்கணும்.

#10 அடையாறு_அப்பாவி
முக்கால்வாசியா? நீங்க குடுக்கலாம் சார், எங்க வீட்டுக்கு வந்தவங்ககிட்ட நான் நேரா கேட்டேன், நான் கட்டுறதுல பாதிக்கு மேல கொஞ்சம்தான் கைக்கு வருதாம். பி.எஃப், இ.எஸ்.ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எதுவும் கிடையாது.

#11 ஸ்டாஃப்நர்ஸ்_மலர்
இ.எஸ்.ஐ பத்தி வந்ததால சொல்றேன், 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடம்னா இ.எஸ்.ஐ வரும், மாசச் சம்பளம் 21 ஆயிரம் வரைக்கும் உள்ளவங்களுக்கு. தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூணேகால் சதவீதம், அவ்வளவுதான். "நீங்க எங்க எம்ப்ளாயி இல்ல, நாங்க வெறும் கனெக்ட் பண்ணி விடுறோம்"னு ஏஜென்சி சொன்னா அது தப்பிக்கிற வழி. யூனிஃபார்ம் அவங்களுது, டூட்டி போடுறது அவங்க, சம்பளம் அவங்க கையில இருந்து, அப்புறம் எப்படி எம்ப்ளாயி இல்ல? கார்த்தி, தங்கச்சி வேலைல சேரும்போது அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கேக்கச் சொல்லுங்க, சம்பளம் பேங்க் அக்கவுண்ட்ல வரணும்.

#12 கோவில்பட்டி_கார்த்தி
எவ்வளவு விஷயம், நன்றி எல்லாருக்கும். ஒரு டவுட்டு, இந்த இன்சுலின், மூக்கு ட்யூப் எல்லாம் எய்டு பண்ணலாமா கூடாதா? நோட்டீஸ்ல "ஊசி போடப் பயிற்சி அளிக்கப்படும்"னு பெரிய எழுத்துல போட்டிருக்கான்.

#13 வார்டு_தங்கம்
ஊசி வேலை நம்மளது இல்ல, அது நோட்டீஸ்ல இருக்கிறதே அந்த இடத்தோட லட்சணம் என்னன்னு காட்டுது. இன்சுலினப் பொறுத்தவரைக்கும் நான் வீட்டுக்காரங்ககிட்ட முதல் நாளே சொல்லிருவேன், டோஸ் டயல் பண்ணி குத்துறது நீங்க, இல்ல பேஷன்டே, நான் நேரம் ஞாபகப்படுத்துவேன், போட்டதும் சாப்பாடு ரெடியா இருக்கும், குளுக்கோமீட்டர்ல பாத்து நோட்டுல எழுதுவேன். சுகர் 70க்கு கீழ போச்சுன்னா நினைவு இருந்தா சர்க்கரைத் தண்ணி, நினைவு இல்லன்னா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, 108.

மூக்கு ட்யூப் விஷயத்துல ஊருக்கு ஊர் ஒண்ணு சொல்வாங்க. ட்யூப் போடுறது, எடுக்கிறது கண்டிப்பா நர்ஸோ டாக்டரோதான். ஃபீட் குடுக்கிறது ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் பண்ணும்போது வீட்டு ஆளுங்களுக்கே சொல்லிக்குடுத்து அனுப்புறாங்க, அதே மாதிரி நமக்கும் நர்ஸ் முன்னாடி செஞ்சு காட்டி கத்துக்குடுத்தா செய்யலாம்னுதான் நடைமுறைல இருக்கு. ஆனா விளையாட்டு இல்ல. தலைமாட்ட நல்லா உசத்தி உக்கார்ற மாதிரி வைக்கணும், மூக்குக்கிட்ட ட்யூப்ல இருக்கிற அளவுக் கோடு நேத்து இருந்த இடத்துலயே இருக்கான்னு பாக்கணும், கொஞ்சம் நழுவி இருந்தாலும் குடுக்கக் கூடாது. சிரிஞ்ச்ல பிஸ்டன் வச்சு அழுத்தாம தூக்கிப் புடிச்சு தானா இறங்க விடணும், முடிஞ்சதும் தண்ணி விட்டு ட்யூப கழுவணும், அப்புறமும் உடனே படுக்க வைக்காம முக்கால் மணி நேரமாச்சும் அப்படியே வைக்கணும். இருமல் வந்தாலோ உதடு கலர் மாறினாலோ அந்த செகண்டே நிறுத்தணும். நுரையீரலுக்குப் போச்சுன்னா அப்புறம் ஐ.சி.யு தான்.

#14 ஸ்டாஃப்நர்ஸ்_மலர்
தங்கம் அக்கா சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கிறேன், ஆனா ஃபீட்ல ஒரு விஷயம். நீங்க வருஷக்கணக்கா பண்றவங்க, உங்க கண்ணுக்கு ட்யூப் நழுவினது தெரியும். 3 மாசம் முடிச்சு வர்ற 22 வயசுப் பொண்ணு கையில அத குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த பேஷன்ட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வீட்டுல இருந்தவ அவதான், எழுதிக் குடுத்தது யாரும் கிடையாது, கேஸ் ஆனா ஏஜென்சி போனே எடுக்காது. குடும்பத்துல ஒருத்தர் பக்கத்துல நிக்க அவ உதவி பண்ணட்டும், அவ்வளவுதான்.

#15 வார்டு_தங்கம்
சிஸ்டர், நீங்க சொல்றது ரூல். ராத்திரி 10 மணிக்கு ஃபீட் டைம், பையன் பெங்களூர்ல, வீட்டுல 78 வயசு பாட்டி மட்டும், நான் குடுக்கலன்னா அந்த மனுஷன் பட்டினி. நர்ஸ் எங்க இருக்காங்க? அந்த வீட்டுக்கு ஒரு நர்ஸ் வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாத்தாக்கூட போதும், எனக்கும் தைரியம். அது இல்லாம எங்க கைய மட்டும் கட்டிப் போட்டு என்ன பிரயோஜனம்.

#16 எடிசன்_ரமா
இதத்தான் சொல்ல வந்தேன். நான் அமெரிக்கால நியூஜெர்சில இருக்கேன், கிரீன் கார்டு வந்த அப்புறம் இங்க ஹோம் ஹெல்த் எய்டா வேலை பாக்குறேன், எங்க ஏரியால குஜராத்தி, தமிழ், தெலுங்கு பெரியவங்க ஜாஸ்தி. இங்க சட்டமே இருக்கு. மெடிகேர் (பெரியவங்களுக்கு அரசாங்கம் நடத்துற மருத்துவக் காப்பீடு) பணம் குடுக்கணும்னா எய்டுக்கு குறைஞ்சது 75 மணி நேரப் பயிற்சி, அதுல 16 மணி நேரம் நர்ஸ் கண்ணு முன்னாடி கையால செஞ்சு பழகணும். நியூஜெர்சில 76 மணி நேரம், ஸ்டேட் நர்சிங் போர்டுதான் சர்டிபிகேட் குடுக்குது, கைரேகை எடுத்து போலீஸ் ரெக்கார்டு பாக்குறாங்க. கலிஃபோர்னியால 120 மணி நேரம். அப்புறமும் வருஷா வருஷம் 12 மணி நேரம் கிளாஸ் போகணும். 24 மாசம் தொடர்ந்து சம்பளத்துக்கு இந்த வேலை பாக்காம இருந்தா முதல்ல இருந்து வரணும்.

ஆனா மலர் சிஸ்டரும் தங்கம் அக்காவும் அடிச்சுக்கிற விஷயம் இருக்கு பாருங்க, அதுக்கு இங்க பதில் மணி நேரம் இல்ல, பேப்பர். ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் ஒரு ஆர்.என். (பதிவு பண்ணின நர்ஸ்) கேர் பிளான் எழுதுவாங்க, அதுல எய்டு என்ன செய்யணும்னு வரி வரியா இருக்கும், அதுல இல்லாதத நான் தொட மாட்டேன், வீட்டுக்காரங்க கேட்டாலும் "பிளான்ல இல்ல, நர்ஸ்கிட்ட பேசுங்க"ன்னு சொல்லிருவேன். நர்ஸ் கேர் ஓடிட்டிருக்கிற மெடிகேர் பேஷன்ட்னா 14 நாளுக்கு ஒரு தடவை அந்த நர்ஸ் எங்க வேலைய வந்து பாக்கணும். மாத்திரை கூட, அவங்களே வழக்கமா எடுத்துக்கிற மாத்திரைக்கு டப்பாவத் திறந்து தண்ணி குடுக்கிறதுதான் என் வேலை, டோஸ் முடிவு பண்றது இல்ல.

சொர்க்கம்னு நினைச்சுராதீங்க. சம்பளம் இங்கயும் கம்மிதான், வீட்டுக்கு வீடு கார் ஓட்டுற நேரம் தனி. 2007ல சுப்ரீம் கோர்ட்டே இந்த மாதிரி வேலைக்காரங்களுக்கு ஓவர்டைம் சட்டம் பொருந்தாதுன்னு சொல்லிச்சு, நியூயார்க்ல எவலின் கோக்னு ஒரு எய்டு போட்ட கேஸ், அவங்க தோத்துட்டாங்க. அப்புறம் ரூல மாத்தி 2015லதான் ஏஜென்சி ஆளுங்களுக்கு வந்தது.

#17 ஸ்காபரோ_வாசுகி
நான் ரொறன்ரோவில பி.எஸ்.டபிள்யூ, பெர்சனல் சப்போர்ட் வேர்க்கர். கனடாவுக்கு அனுப்புறம் எண்டு சொன்ன கதைய வாசிச்சிட்டு எழுதுறன். தம்பி கார்த்தி, உந்தக் கதைய நம்பாதேங்கோ. இஞ்ச பி.எஸ்.டபிள்யூ எண்டா இஞ்சத்தைய கொலிச்சில படிச்சு, முதியோர் இல்லத்திலயும் வீடுகளிலயும் பிளேஸ்மென்ட் செய்து முடிக்கோணும். சென்னையில மூண்டு மாசம் படிச்ச பேப்பர இஞ்ச ஒருத்தரும் அந்தச் சேர்ட்டிபிக்கேட்டா எடுக்க மாட்டினம். விசா எண்டுறது வேற சங்கதி, அதுக்கு எண்டு சொல்லி ஏஜென்ட்மார் லட்சக்கணக்கில வாங்கிப்போட்டு ஆளைக் காணேல்லை எண்டு எத்தினை பேர் அழுதிருக்கினம்.

ஸ்காபரோவில எங்கட ஆக்கள் நிறையப் பேர் இந்த வேலைதான். நான் போற வீட்டில ஒரு அம்மா, மறதி நோய், முந்தி நல்லா இங்கிலிஷ் கதைச்சவ, இப்ப தமிழ் மட்டும்தான். வெள்ளைக்காரப் பிள்ளை வந்து குளிக்கக் கூப்பிட்டா அடிக்க வருவா. நான் போய் "வாங்கோ அம்மா, கிணத்தடிக்குப் போவம், வெயில் ஏற முன்னம் முழுகிப்போட்டு வருவம்" எண்டா பேசாமல் எழும்பி வருவா. உது ஒரு கொலிச்சிலயும் சொல்லித் தரேல்லை.

ஆளைத் தூக்குற லிஃப்ட் மெஷினை எங்கட ஏஜென்சியில ரெண்டு பேர் நிண்டுதான் பாவிக்கோணும், தனிய ஆரும் தொட்டா வேலை போகும். ஊரில தனிய ஒரு பொம்பிளைப் பிள்ளை 80 கிலோ ஆளைத் தூக்கோணும் எண்டு நினைக்க எனக்கு இடுப்பு நோகுது.

#18 மலைக்கோட்டை_வாசி
வெளிநாடு பேச்சு வந்ததால ஒரு தகவல். எந்த ஏஜென்ட்டா இருந்தாலும் மத்திய அரசோட ஈமைக்ரேட் தளத்துல பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பேசவே பேசாதீங்க. நம்ம மாநிலத்துக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு ஒண்ணு இருக்கு, 1978ல ஆரம்பிச்சது, அங்க விசாரிக்கலாம். ஜப்பான் போறதுன்னா பரிட்சையே தனி, என்-4 லெவல் ஜப்பானிய மொழியும், அப்புறம் பராமரிப்பு வேலைக்கான தேர்வும் பாஸ் பண்ணணும். குறுக்கு வழின்னு யாராச்சும் சொன்னா அவன்தான் அந்த குறுக்கு வழில பணக்காரன் ஆகுறவன்.

#19 நக்கல்_நாயகன்
சரி நான் சீரியஸாவே ஒண்ணு கேக்குறேன். 24 மணி நேர டூட்டின்னு போடுறாங்களே, ஒரு ஆளு எப்படிய்யா 24 மணி நேரம் முழிச்சிருப்பான்?

#20 வார்டு_தங்கம்
முழிச்சிருக்க முடியாது. அதத்தான் முதல் நாளே பேசணும். 24 மணி நேரம்னா அந்த வீட்டுல தங்குறதுன்னு அர்த்தம், அத்தனை மணி நேரமும் வேலைன்னு இல்ல. ராத்திரி எத்தனை தடவை எழுப்புவாங்க, மதியம் யார் பாத்துக்கிட்டா நான் ரெண்டு மணி நேரம் படுக்கலாம், வாரத்துல லீவு எப்ப, இதெல்லாம் பேசாம உள்ள போனா பத்தே நாள்ல நமக்கே ஒரு எய்டு தேவைப்படும். பேஷன்ட் ராத்திரி பூரா கத்துற கேஸ்னா 12 மணி நேர ஷிப்ட் ரெண்டு ஆள்தான் சரி.

அடுத்தது வீட்டு வேலை. பேஷன்ட்டுக்கு கஞ்சி வைக்கிறது, அவரு துணி, அவரு பாத்திரம், அவரு ரூம், இது என் வேலை. அப்படியே "இந்த நாலு பாத்திரத்தையும் சேத்து விளக்கிரும்மா"ன்னு ஆரம்பிப்பாங்க, ஒரு வாரத்துல வீடு பூரா கூட்டுறது நம்ம தலையில. நான் பொறுமையாத்தான் சொல்வேன், ஆனா சொல்லிருவேன்.

இன்னொண்ணு யாரும் வெளிய பேச மாட்டாங்க. உங்கப்பாவுக்கு கழுவி விடுறது இந்தக் கைதான், ஆனா காபி குடிக்க எனக்கு தனி எவர்சில்வர் டம்ளர், அது வாஷ்பேசின் கீழ தனியா கவுத்து வச்சிருக்கும், என்ன ஆளுங்கன்னு நைசா கேப்பாங்க, சொந்த ஊரு கேப்பாங்க, தெரு கேப்பாங்க. கார்த்தி தம்பி, உங்க தங்கச்சிக்கு இதையும் சொல்லி அனுப்புங்க, போய் நின்ன அப்புறம் தெரிஞ்சா ரொம்ப உடைஞ்சு போயிருவா.

#21 அடையாறு_அப்பாவி
அக்கா, கடைசி பாரா படிச்சிட்டு எங்க கிச்சன்ல போய் பாத்தேன். இனிமே இருக்காது.

#22 ஸ்டாஃப்நர்ஸ்_மலர்
பொம்பளப் பொண்ணு பாதுகாப்பு பத்தி கேட்டிருந்தீங்க. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, அதுல வீடும் பணியிடம்னு எழுதியிருக்கு. நிறைய பேருக்கு இது தெரியாது, ஆஃபீஸ்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்னு நினைக்கிறாங்க. புகார் மாவட்ட அளவுல இருக்கிற லோக்கல் கமிட்டிக்கு குடுக்கணும், நடந்து மூணு மாசத்துக்குள்ள. அவசரத்துக்கு பெண்கள் உதவி எண் 181. ஆனா சட்டத்துக்கு முன்னாடி நடைமுறையா சிலது. ஆம்பளை பேஷன்ட் தனியா இருக்கிற வீட்டுக்கு புதுப் பொண்ண அனுப்பாதீங்கன்னு ஏஜென்சிகிட்ட கண்டிஷனா சொல்லணும். படுக்க உள்தாழ்ப்பாள் இருக்கிற இடம் வேணும். வீட்டு அட்ரஸ் லொகேஷனோட அம்மாவுக்கு போகணும். போன புடுங்கி வைக்கிற வீடு வேணாம், திரும்பி வந்துரட்டும்.

#23 ஹோம்கேர்_கோவை
எடிசன் மேடம் சொன்ன கேர் பிளான் விஷயம் எனக்குப் புடிச்சிருக்குங்க. நாங்க இப்ப ஒரு பேப்பர் வெச்சிருக்கோம், ஆனா அது ரேட்டும் அட்வான்ஸும்தான். அதுலயே எய்டு செய்யறது, செய்யாததுன்னு ரெண்டு பத்தி போட்டு குடும்பத்துகிட்ட கையெழுத்து வாங்கலாமுங்க. என்னுடைய பயம், அப்படிப் போட்டா கஸ்டமர் பக்கத்து ஏஜென்சிக்குப் போயிருவாங்க.

#24 எடிசன்_ரமா
போவாங்க சார், சில பேர். ஆனா அடையாறு அண்ணா மாதிரி ஆளு அந்தப் பேப்பருக்காகவே உங்ககிட்ட வருவாங்க.

#25 அடையாறு_அப்பாவி
சத்தியமா வருவேன், சென்னைல பிராஞ்ச் போடுங்க.

#26 உழவன்_மகன்
ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. காசு குடுத்து ஆள் வைக்க முடியாத வீடுகள்ல படுத்த படுக்கையா யாராச்சும் இருந்தா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சொல்லுங்க. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சது. சுகர் பி.பி. மாத்திரை மட்டும்தான்னு நினைக்கிறாங்க, வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு நர்ஸும், பிசியோதெரபிக்கு ஆளும் வீட்டுக்கே வர்றாங்க. எங்க பெரியப்பாவுக்கு யூரின் ட்யூப் மாத்துறதுக்கு ஆட்டோ புடிச்சு டவுனுக்கு தூக்கிட்டுப் போய்ட்டு இருந்தோம், ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுத்த அப்புறம் அந்த சிஸ்டரே வந்து பாத்துட்டுப் போறாங்க. யூரின் பேக்க கட்டில் மேல வச்சிருந்தோம், அது எப்பவும் இடுப்புக்கு கீழதான் தொங்கணும், இல்லன்னா திரும்ப உள்ள போய் கிருமி ஏறும்னு அவங்கதான் திட்டி சொல்லிக்குடுத்தாங்க.

#27 கோவில்பட்டி_கார்த்தி
அப்டேட். நோட்டீஸ் குடுத்தவனுக்கு போன் போட்டு, யார் அசெஸ்மென்ட் பண்றாங்க, ஆஸ்பத்திரில எத்தனை நாள் பயிற்சி, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டேன். "நீங்க யாரு சார் கேக்க, சேர்றதுன்னா சேருங்க"ன்னு வச்சுட்டான். திறன் மேம்பாட்டு ஆபீஸ்ல விசாரிச்சதுல தூத்துக்குடில ஒரு சென்டர் சொல்லியிருக்காங்க, அடுத்த பேட்ச்சுக்கு பேரு எழுதிட்டு வந்திருக்கோம். ஃபீஸ் இல்ல. தங்கச்சி இந்த இழைய முழுசா படிச்சிட்டா, சட்டை மேட்டர வீட்டுல எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டு இருக்கா. அங்க போய் என்னென்ன பாக்கணும்?

#28 ஸ்டாஃப்நர்ஸ்_மலர்
நல்ல செய்தி. உள்ள போனதும் ப்ராக்டிகல் ரூம் காட்டச் சொல்லுங்க, உசத்தி இறக்குற கட்டில், வீல்சேர், செஞ்சு பழக ஆள் மாதிரி பொம்மை, பெட்பேன், பி.பி. மிஷின் இருக்கணும், வெறும் பிளாக்போர்டும் ப்ளாஸ்டிக் சேரும் இருந்தா அரசாங்கத் திட்டமா இருந்தாலும் சுமார்தான். சொல்லிக்குடுக்கிறது யாரு, நர்சிங் படிச்சவங்களான்னு கேளுங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்களான்னு பழைய பேட்ச் பசங்ககிட்டயே கேளுங்க, ஆபீஸ்ல கேக்காதீங்க. முடிச்ச கையோட நேரா வீட்டு டூட்டிக்குப் போகாம கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி வார்டுல இருக்கட்டும், சம்பளம் கம்மியா இருந்தாலும் சுத்தி நர்ஸ் இருப்பாங்க, கண்ணு பழகும். அப்படியே ஈ-ஷ்ரம் கார்டும் (அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு அட்டை) போட்டு வச்சுருங்க, காசு கிடையாது.

#29 மணப்பாறை_முறுக்கு
லேட்டா வர்றேன். எனக்கு 27 வயசு, ஆம்பளை, டெலிவரி வேலை பாத்துட்டு இருக்கேன். இந்த ஃபீல்டுல பசங்களுக்கு வேலை இருக்கா, இல்ல லேடீஸ் மட்டும்தான் கேப்பாங்களா?

#30 வார்டு_தங்கம்
தம்பி, ஆம்பளை எய்டுக்கு அலையிறாங்க. கனமான ஆம்பளை பேஷன்ட், குளிப்பாட்டவும் தூக்கவும் வீட்டுப் பொம்பளைங்களால முடியாது, என்னை மாதிரி ஆளையும் அவங்க பக்கத்துல விட கூச்சப்படுவாங்க. ஆனா தூக்குற பலம் இருக்குன்னு மட்டும் வந்துராதீங்க, அக்குள்ல கை குடுத்து தூக்குற பசங்கதான் பேஷன்ட் தோளையும் கெடுத்து தன் முதுகையும் கெடுத்துக்கிறாங்க. வீல்சேர அவரு நல்ல பக்கமா கட்டிலோட ஒட்டி கொஞ்சம் சாய்வா வைங்க, பிரேக் ரெண்டும் போடுங்க, கால் வைக்கிற பலகைய ஒதுக்குங்க, இடுப்புல பெல்ட் கட்டி அதப் புடிங்க, உங்க முட்டிய மடக்கி அவரு முட்டிக்கு முட்டு குடுத்து, "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு அவரையும் சேத்து எந்திரிக்கச் சொல்லி திருப்பி உக்கார வைங்க. நகம் ஒட்ட வெட்டிட்டு, மோதிரம் வாட்ச் கழட்டிட்டு போங்க, வயசானவங்க தோல் பேப்பர் மாதிரி, உரசினாலே கிழியும். எந்த ஊர்ப் பக்கம் வேலை தேடுறீங்கன்னு தனி மெசேஜ்ல சொல்லுங்க, எங்க வார்டு அண்ணன் ஒருத்தர்கிட்ட பேசச் சொல்றேன், இங்க நம்பர் போட்டா அட்மின் தூக்கிருவாரு.